மலையிலும் குளத்திலும் காட்டுயிர் காப்பவர்களின் வேலையைப் பதிவு செய்வது எப்படி? (களக்காடு–முண்டந்துறை, தாமிரபரணிக் குளங்கள்)

பச்சையாறு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பக மலையிலும், கீழே தாமிரபரணிப் பாசனக் குளங்களிலும் காட்டுயிர்களுக்காக உழைக்கிறவர்களின் வேலையைப் பதிவு செய்ய நாலு பேர் சேர்ந்து திட்டம் போட்டிருக்கிறோம். புலியையும் யானையையும் படம் பிடிப்பது நோக்கம் இல்லை. வேட்டைத் தடுப்புக் காவலர், பீட் கார்டு (பீட் என்கிற சின்ன வனப்பகுதிக்குப் பொறுப்பான வனக்காப்பாளர்), ஜனவரியில் குளத்தங்கரையில் பறவை எண்ணுகிறவர்கள், கூந்தன்குளத்தில் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்க்கிறவர்கள், இவர்களுடைய அன்றாடம்தான் வேண்டும். ஒரு வருஷம் எடுக்கலாம் என்று இருக்கிறோம், தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம், கோடை மூன்றும் அடங்குகிற மாதிரி. முடிவில் 25 நிமிடப் படம் ஒன்று, பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்க 48 பக்கப் புத்தகம் ஒன்று.

கையில் இருப்பது: ஒரு மிரர்லெஸ் கேமரா, 24–105, 100–400 லென்ஸ்கள், சின்ன ஒலிப்பதிவுக் கருவி, இரண்டு காலர் மைக். அனுமதி யாரிடம் வாங்க வேண்டும், எந்த வேலை எந்த மாதத்தில் நடக்கும், ஒரு வேலையைப் பார்க்கிறவருக்குப் புரிய வைக்க எதையெல்லாம் எடுக்க வேண்டும், எதை எடுக்கவே கூடாது, இதெல்லாம் தெரிய வேண்டும். களத்தில் என்னென்ன கெட்டுப்போகும் என்றும் சொல்லுங்கள்.

மறுகால் எழுதியது:

குளத்துப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன் தம்பி, மலையைத் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள்.

தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் நடக்கிறது. மணிமுத்தாறில் இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் ஒருங்கிணைக்கிறது, தன்னார்வலர்கள் குழு குழுவாகப் பிரிந்து போவார்கள். பொங்கலுக்கு முன்பின்தான் நாள் குறிப்பார்கள். கணக்கெடுப்பு நாளில் மட்டும் கேமராவோடு போய் நின்றால் ஆட்கள் கரையில் நடப்பதுதான் கிடைக்கும். முதல் நாள் பயிற்சியையும் எடுங்கள். அங்கேதான் புதியவர்களுக்கு எண்ணும் முறையைச் சொல்லிக் கொடுப்பார்கள்.

எண்ணும் முறை இது. சின்னக் கூட்டம் என்றால் ஒவ்வொன்றாக. நூற்றுக்கணக்கில் நாமக்கோழியோ ஊசிவால் வாத்தோ மிதந்தால், முதலில் பத்தை எண்ணி அது தொலைநோக்கி வட்டத்துக்குள் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனசில் வாங்கிக்கொண்டு, அதே அளவு எத்தனை துண்டு இருக்கிறது என்று இடமிருந்து வலமாக நகர்வார்கள். ஒரு பனைமரம், மடைச்சுவர், மின்கம்பம் என்று எல்லைக் குறிகள் வைத்துக்கொள்வார்கள். ஒரு குறி முதல் அடுத்த குறி வரை ஒரு எண்ணிக்கை. ஸ்கோப்பில் கண் வைத்தவர் வாயால் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுதுவார். கண்ணை எடுத்து எழுதிவிட்டுத் திரும்பப் பார்த்தால் விட்ட இடம் தவறிப்போகும். இந்த இரண்டு பேரையும் ஒரே ஃபிரேமில் பிடியுங்கள். அந்தக் குரலையும் பென்சில் நகர்வதையும் சேர்த்து எடுத்தால் வேறு விளக்கமே வேண்டாம். பனியில் மை கரையும் என்பதால் பென்சில்தான். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே கிழிக்கிற அந்தக் குறியை மேக்ரோவில் ஒரு ஷாட் எடுத்து வையுங்கள்.

வெளிச்சம்: நம்ம ஊர் நிலம் கிழக்கே சாய்கிறது. அதனால் பெரும்பாலான குளங்களில் கரை கிழக்கே, தண்ணீர் மேற்கே. காலையில் கரையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் வரும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். 6 மணி முதல் 9 வரை. சாயங்காலம் அதே கரையில் நின்றால் தண்ணீர் முழுதும் தகதகவென்று அடிக்கும், வாத்துகள் எல்லாம் கறுப்புப் பொட்டு. கணக்கு தப்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மற்ற தவறுகள்: பருந்து ஒன்று மேலே சுற்றினால் மொத்தக் கூட்டமும் எழும்பி வேறு மூலையில் இறங்கும், ஏற்கெனவே எண்ணியதையே மறுபடி எண்ணிவிடுவார்கள். இரண்டு குழு எதிரெதிர்க் கரையில் நின்று நடுவிலிருப்பதை இருவரும் எழுதிவிடுவார்கள். சின்னக் கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் மாற்றிப் போடுவார்கள் (சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு, விரல் மஞ்சள்). அடையாளம் தெரியாததை ஊகித்து எழுதுவதைவிட "இனம் தெரியாத வாத்து, 40" என்று எழுதுவதே சரி. பறவையே இல்லாத குளத்துக்கும் தாள் நிரப்ப வேண்டும். சுழியம் என்று எழுதுவதும் கணக்குதான். அதை எழுதாமல் விட்டால் "அங்கே யாரும் போகவில்லை" என்பதற்கும் "போனோம், ஒன்றும் இல்லை" என்பதற்கும் பின்னாளில் வித்தியாசம் தெரியாது. வறண்ட குளத்தில் ஒருவர் நின்று சுழியம் எழுதுவதை உங்கள் படத்தில் கட்டாயம் வையுங்கள். இந்த உழைப்பு என்ன என்று அந்த ஒரு காட்சி சொல்லும்.

தாளில் எண்ணிக்கையோடு நின்றுவிட மாட்டார்கள். உள்வாயில் (குளத்துக்குள் தண்ணீர் தேங்கும் பரப்பில்) எவ்வளவு தண்ணீர், மறுகால் (நிரம்பி வழியும் தண்ணீர்) போகிறதா, வலை போட்டிருக்கிறதா, நீர்க்காகத்தை விரட்ட மீன் குத்தகைக்காரர் வெடி போடுகிறாரா, வரத்துக்காலில் குப்பை கொட்டியிருக்கிறதா, எல்லாம் எழுதுவார்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நெல்லை, தூத்துக்குடி இரண்டிலும் நிறையக் குளங்கள் உடைந்தன. அதற்கு அடுத்த ஜனவரித் தாள்களை முந்தைய வருஷத்துத் தாள்களோடு பக்கத்தில் வைத்து எடுத்தால் புத்தகத்தில் இரண்டு பக்கம் நிறையும். இன்னொரு பிரச்சினை கருவேல மரம். உள்வாயில் சமூகக் காடு என்று வளர்த்த மரங்களில்தான் சங்குவளை நாரையும் கொக்கும் கூடு கட்டும். மரம் முற்றினால் ஏலம். கூட்டில் குஞ்சு இருக்கிறபோது ஏலம் வந்துவிடாமல் மனு கொடுத்துத் தள்ளி வைப்பது இங்கே பறவை காப்பவர்கள் செய்கிற பெரிய வேலை. இதில் எடுப்பதற்கு மனு, தபால் ரசீது, அலுவலக வராந்தாக் காத்திருப்பு இவ்வளவுதான் இருக்கும். அதையும் எடுங்கள்.

கூந்தன்குளம் 1994ல் சரணாலயமானது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பது அரசாணைக்கு முன்பிருந்தே உள்ள வழக்கம். ஊருக்குள் வீட்டு மரத்திலேயே கூடு இருக்கும். 400 எம்.எம். லென்ஸ் போதும், மரத்தடிக்குப் போகாதீர்கள். வெயிலில் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுத்து நிற்கும். நீங்கள் கிட்டப் போய் அது எழும்பினால் காகம் வரும், அதற்கு முன்பே வெயில் குஞ்சைச் சுட்டுவிடும். காலை 9 மணிக்கு மேல் சாயங்காலம் 4 வரை கூட்டுப்பக்கம் கேமராவே வேண்டாம். ட்ரோன் எந்த நேரத்திலும் வேண்டாம்.

செங்கல்தேரி எழுதியது:

மலைப் பக்கம். முதலில் காகிதம்.

முண்டந்துறை 1962லும் களக்காடு 1976லும் சரணாலயமாகி, இரண்டும் சேர்ந்து 1988ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆயிற்று. மையப் பகுதி மட்டும் ஏறத்தாழ 895 சதுர கிலோமீட்டர். அம்பாசமுத்திரம், களக்காடு என்று இரண்டு கோட்டங்கள், மேலே கள இயக்குநர். காப்பகத்துக்குள் படமெடுக்க வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, பிரிவு 28ன்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். கள இயக்குநர் அலுவலகம் வழியாக விண்ணப்பியுங்கள். பீட் கார்டு தலையாட்டினார், ரேஞ்சர் "வாங்க" என்றார் என்று உள்ளே போகாதீர்கள். கேள்வி வந்தால் விளக்கக் கடிதம் எழுதப் போவது நீங்கள் இல்லை, அந்தக் கார்டு. விண்ணப்பத்தில் நான்கைந்து விஷயம் தெளிவாக இருக்கட்டும்: ஆட்கள் எத்தனை, அடையாள அட்டை நகல், எந்த ரேஞ்ச், எந்தத் தேதிகள், கருவிப் பட்டியல் வரிசை எண்ணோடு, முடிந்த படத்தை வெளியிடும் முன் காட்டுவோம் என்ற உறுதி. "பணியாளர்களிடம் நேர்காணல்" என்பதைத் தனியாக எழுதிக் கேளுங்கள். அவர்கள் அனுமதியில்லாமல் வெளியில் பேச முடியாது. இதை விட்டுவிட்டால் படம் கிடைக்கும், வாய் திறக்க ஆள் கிடைக்காது.

எந்த மாதம் எது: கோடை தொடங்கும் முன் தீத்தடுப்புக் கோடு வெட்டுவார்கள், ஜனவரி பிப்ரவரியில் அரிவாளும் மண்வெட்டியும் வாரும் குச்சியுமாகப் போவதை எடுக்கலாம். மலை அனுமதியின் தேதிகள் அதைத் தழுவி இருக்கட்டும். ரோந்து வருஷம் முழுக்க. புலி மதிப்பீடு 2006 முதல் நாலு வருஷத்துக்கு ஒரு முறை நாடு முழுக்க நடக்கிறது, அதன் முதல் கட்டம் காலால் செய்வது. ஒரு பீட்டுக்கு ஊன்உண்ணிகளின் தடயம் தேடி 5 கிலோமீட்டர் வீதம் மூன்று நடை, மொத்தம் 15. அதன் பிறகு 2 கிலோமீட்டர் நேர்கோட்டில் விடியற்காலை மூன்று நாள் நடந்து மான், மிளா, காட்டுமாடு எண்ணுவது. அதே கோட்டில் 400 மீட்டருக்கு ஒரு முறை நின்று செடிகொடிகளைப் பதிவது. நேர்கோடு என்று காகிதத்தில் எளிதாக எழுதிவிடலாம். இந்த மலையில் அது பாறைக்கும் ஈத்தைக்காட்டுக்கும் நடுவே போகிற கோடு. பார்த்த மிருகத்தை எழுதினால் மட்டும் போதாது, திசைகாட்டியில் கோணமும் தூரமானியில் தூரமும் எடுக்க வேண்டும். பேச்சுக்குரல் கேட்டால் மிளா கண்ணில் படாமலே போய்விடும், அன்றைய கோடு வீண். ஆகவே உங்களில் ஒருவர் மட்டும், இருவருக்குப் பின்னால், பத்தடி தள்ளி. ஷட்டர் சத்தத்தை அணைத்துவிடுங்கள்.

தானியங்கிக் கேமரா பொருத்துவதை முழுசாக எடுத்தால் மக்களுக்கு நிறையப் புரியும். பாதையின் இரண்டு பக்கமும் ஒரு ஜோடி வைப்பார்கள். புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு, ஒரு பக்கம் மட்டும் கிடைத்தால் அது எந்தப் புலி என்று உறுதியாகச் சேர்க்க முடியாது. முழங்கால் உயரம், சுமார் 40–45 செ.மீ. பாதை நடுவிலிருந்து மூன்றரை, நாலு மீட்டர் தள்ளி. இரண்டும் நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, கொஞ்சம் விலக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் படத்தை வெளுத்துவிடும். எதிரே வளைந்து நிற்கிற புல்லைக் கையால் பிடுங்கிவிடுவார்கள். வெயில் பட்ட இலை காற்றில் ஆடினாலே சென்சார் ஏமாந்து ஆயிரக்கணக்கில் வெற்றுப் படம் எடுத்துத் தள்ளும், புலி வருகிற அன்று பேட்டரி இருக்காது. கடைசியில் ஒரு காவலர் கைகால் ஊன்றி நாலு காலில் பாதையைக் கடந்து பார்ப்பார். சின்ன விளக்கு எரிந்தால் சரி. சிலேட்டில் இட எண், தேதி, நேரம் எழுதி லென்ஸுக்கு முன்னால் காட்டுவார்கள், அதுதான் முதல் படம்.

அதிகம் நடக்கிற தவறு கடிகாரம்தான். ஒரு கேமராவில் முற்பகல், மற்றதில் பிற்பகல் என்று இருந்தால் ஜோடிப் படங்களைச் சேர்க்க முடியாது. அடுத்து எறும்பு. பெட்டிக்குள் கூடு வைத்துவிடும். அப்புறம் யானை. புது வாசனை என்றால் பிடுங்கிப் பார்க்காமல் விடாது.

எடுக்கக் கூடாதவை, தயவுசெய்து இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தானியங்கிக் கேமரா இருக்கிற மரம் எங்கே என்று தெரியும் எந்தக் காட்சியும் வேண்டாம். ரோந்து கிளம்புகிற நேரம், வழி, எந்த நாளில் முகாமில் ஆள் குறைவு, இவை வேண்டாம். சுருக்குக் கம்பியும் அவுட்டுக்காயும் (மிருகம் கடித்தால் வெடிக்கிற இரை) கைப்பற்றினால் பொருளைக் காட்டலாம், அதைச் செய்கிற விதம் தெரியும்படி காட்டாதீர்கள். தகவல் சொன்னவரின் முகம், குரல், ஊர் எதுவும் வேண்டாம். பின்னணியில் ஐந்தலைப் பொதிகை முகடு ஒரு கோணத்தில் தெரிந்தாலே இடம் தெரிந்த ஆள் எங்கே நின்று எடுத்தீர்கள் என்று சொல்லிவிடுவான். படத்தின் எக்ஸிஃப் தகவலில் (கோப்புக்குள் தானாகப் பதிகிற விவரத்தில்) ஜி.பி.எஸ். இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். ஆகவே கேமராவையும் போனையும் மலை ஏறும் முன்பே இருப்பிடம் பதியாதபடி மாற்றிவிடுங்கள்.

உடம்பு: மழை மாதங்களில் அட்டை. நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை தைத்த அட்டை உறை, பேன்ட்டுக்கு மேல் போட்டு முழங்காலுக்குக் கீழே கட்டுங்கள். புகையிலைத்தூள் தடவலாம், உப்பு மழையில் கரைந்துவிடும். கடித்ததை இழுக்காதீர்கள், வாய்ப்பக்கம் நகத்தால் நெம்பினால் விடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட வேண்டாம், அழுத்திப் பிடித்தால் போதும். கோடையில் புல்வெளியில் உண்ணி. இடுப்பும் முழங்கால் மடிப்பும் தினமும் பார்க்க வேண்டும்.

பாம்பு விஷயத்தைப் படத்திலும் சொல்லுங்கள். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நாலுக்கும்தான். இந்த மலையில் காவலர் மிதிக்க வாய்ப்புள்ள குழிவிரியன்களுக்கு அது வேலை செய்யாது. ராஜநாகத்துக்கும் அப்படியே. சிக்னல் இல்லாத முகாமிலிருந்து ஆளைத் தூக்கிக்கொண்டு ஜீப் பாதைக்கு வந்து, அங்கிருந்து அம்பாசமுத்திரம் வர வேண்டும். இந்த ஆபத்தோடு தினம் நடக்கிறவர்களில் பலர் நிரந்தரப் பணியாளர்கள் இல்லை.

பச்சையாறு எழுதியது:

மறுகால் அண்ணாச்சி, செங்கல்தேரி அண்ணாச்சி, இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. நேர்காணலை எப்படி எடுப்பது? கேமரா வைத்தவுடன் எல்லோரும் மேடைப்பேச்சு பேசுகிறார்கள். இரண்டாவது, இந்த மலையில் வாழ்கிற பழங்குடிகளான காணிக்காரர்களின் குடியிருப்புகளில் பதிவு செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சேர்வலார் எழுதியது:

முதல் கேள்விக்கு: "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க", "புலியை நேரில் பார்த்திருக்கீங்களா" என்று தொடங்கினால் மேடைப்பேச்சுதான் வரும். பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். முகாமுக்குக் கிளம்புகிற காவலரின் பையை அவரே தரையில் பிரித்து வைக்கட்டும். அரிசி, பருப்பு, கருவாடு, தேயிலைத்தூள், தீப்பெட்டி பாலித்தீனில் சுற்றி, டார்ச், மாற்றுத் துணி ஒன்று. ஒவ்வொன்றாகத் தொட்டு "இது எத்தனை நாளைக்கு வரும்? தீர்ந்தால் என்ன செய்வீங்க? இதை ஏன் இப்படிச் சுற்றியிருக்கு?" என்று கேட்டால் வேலை முழுதும் தானாக வெளியே வரும். நேற்றைய நாளை மணி வாரியாகக் கேளுங்கள்: எப்போது எழுந்தீர்கள், யார் சமைத்தது, எந்த ஓடை தாண்டினீர்கள். நடக்கும்போது பேசுகிற பேச்சு உட்கார்ந்து பேசுவதைவிட நன்றாக இருக்கும், ஆனால் மேட்டில் மூச்சு வாங்கும், ஆகவே சமதளத்தில்.

ஒலிதான் முக்கியம். படம் சுமாராக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கேட்கவில்லை என்றால் அணைத்துவிடுவார்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு, ஒற்றைச் சேனல். ஒரு மணி நேரத்துக்கு அரை ஜி.பி. அளவுதான் வரும். காக்கிச் சட்டைக் கஞ்சி மொடமொடப்பு காலர் மைக்கில் உரசும். ஆஸ்பத்திரியில் போடுகிற மைக்ரோபோர் டேப்பால் மைக்கை உள்பனியனில் ஒட்டி, வயரை ஒரு வளையமாக விட்டு இன்னொரு துண்டு ஒட்டுங்கள். ஓடைப் பக்கம் பேசவே வைக்காதீர்கள், வேறு வழி இல்லை என்றால் நடுவில் ஒரு பாறை இருக்கிற மாதிரி நில்லுங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் காட்டுச் சத்தம் பதியுங்கள். வெட்டி ஒட்டும்போது அது இல்லாமல் திண்டாடுவீர்கள். எழுத்தில் போடும்போது அவர்கள் பேச்சைத் திருத்தாதீர்கள். "போய்ட்டு வந்துட்டோம்லா" என்றால் அப்படியே இருக்கட்டும்.

சம்பளம், காப்பீடு, நிரந்தரம் இதெல்லாம் பேசுவார்கள், பேச வேண்டியதும்தான். ஆனால் பேசியவர் இன்னார் என்று தெரிந்தால் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நாலைந்து பேர் சொன்னதை ஒரே குரலில் சுருக்கி உங்கள் விவரணையாகச் சொல்லுங்கள், முகத்தோடு சேர்க்காதீர்கள். வெளியிடும் முன் அவர்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். "இதை எடுத்துருங்க" என்றால் ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

ஈரம்: சமவெளி வெயிலிலிருந்து மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்துப் பக்கம் ஏறினால் பனிமூட்டமும் மழையும் மாறி மாறி. அங்கே குளிர்ந்த கருவியோடு கீழே இறங்கினாலும், சாப்பாட்டுக்கு ஏ.சி. அறையில் இருந்துவிட்டு வெளியே வந்தாலும் ஒரே கதைதான், குளிர்ந்த கண்ணாடி மேல் வேர்த்துவிடும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெதுவாக வறுத்துத் திரும்பப் போடலாம். அரிசிக்குள் கேமராவைப் புதைக்கிற வேலை வேண்டாம், மாவுத்தூள் உள்ளே போகும். 4கே, 100 மெகாபிட்டில் எடுத்தால் மணிக்கு 45 ஜி.பி., அதாவது 128 ஜி.பி. அட்டை மூன்று மணி நேரம்கூட வராது. முகாமில் சூரிய மின்சாரம் வாக்கி-டாக்கிக்கும் விளக்குக்கும்தான் அளவாக இருக்கும், அதில் உங்கள் பேட்டரியைச் சொருகாதீர்கள். அன்றன்றைக்கு இரண்டு டிரைவில் நகல், இரண்டும் ஒரே பையில் இருக்கக் கூடாது.

காணிக்காரர் விஷயம். சின்னமைலார், பெரியமைலார், அகத்தியர் காணிக்குடியிருப்பு, சேர்வலார், இஞ்சிக்குழி, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பேச வேண்டும். ஒரு இடத்தில் சரி என்றார்கள் என்றால் அது எல்லா இடத்துக்கும் ஆகாது. முதல் தடவை கேமரா இல்லாமல் போங்கள். ஊர்க்கூட்டத்தில் என்ன எடுக்கப் போகிறோம், எங்கே காட்டப் போகிறோம், பணம் வந்தால் யாருக்கு என்று சொல்லிக் கேளுங்கள். காவலர்களில் காணிக்காரர்கள் இருக்கிறார்கள், வழி தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஆகவே "உதவியாளர்" என்று பெயர் போடாதீர்கள், அவர்கள் செய்கிற வேலையின் பெயரைப் போடுங்கள்.

மருந்துச் செடி, அதைப் பறிக்கும் விதம், தேன் எடுக்கிற பாறை, இவற்றைப் பதியவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 1987ல் ஆய்வுக்குப் போனவர்களுக்கு வழிகாட்டிய காணிக்காரர்கள் களைப்புத் தீரத் தின்ற ஒரு காயைப் பற்றிச் சொன்னார்கள். ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. அந்த மருந்துக்கான உரிமத் தொகையில் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஏற்பாடு செய்தார்கள், அது அன்றைக்குப் பெரிய விஷயம். ஆனாலும் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியவில்லை. நீங்கள் எடுக்கப் போகிற 25 நிமிடத்தில் ஒரு இலையின் பெயர் தெளிவாக வந்தாலும் அதே நிலைதான்.

மறுகால் எழுதியது:

ஒன்று விட்டுப்போயிற்று. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு லட்சக்கணக்கில் சனம் காப்பகத்துக்குள்ளேயே வரும், குடில் போட்டுத் தங்கும். சனம் வருவதை எல்லோரும் எடுக்கிறார்கள். சனம் போன மறுநாள் காலையில் போங்கள். ஆற்றங்கரையில் துணி, பாலித்தீன், எண்ணெய் பாக்கெட், செருப்பு என்று தரம் பிரித்துச் சாக்கில் கட்டி எடைபோடுகிற ஆட்கள் இருப்பார்கள். பாபநாசத்தில் பரிகாரத்துக்கு ஆற்றில் விடுகிற வேட்டி சேலை தண்ணீருக்குள் பாறையில் சுற்றிக்கொண்டு கிடக்கும், மணல் ஏறி ஒரு சேலையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அங்கே கையுறையும் ரப்பர் செருப்பும் இல்லாமல் இறங்காதீர்கள், கண்ணாடித்துண்டு கிடக்கும். எடை எழுதுகிற நோட்டை மறக்காமல் எடுங்கள்.

பச்சையாறு எழுதியது:

அண்ணாச்சி, குறித்துக்கொண்டேன். விண்ணப்பத்தில் நேர்காணலைத் தனிப் பத்தியாகச் சேர்த்துவிட்டோம், கருவிகளின் வரிசை எண் பட்டியல் நாளை முடியும். காப்பகத்துக்கு வெளியே உள்ள குளங்களில் தொடங்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம், மலை அனுமதி வரும்போது வரட்டும். ஜனவரிக் கணக்கெடுப்புக்கு முந்தின நாள் பயிற்சிக்கு இரண்டு பேர், கேமரா இல்லாமல், எழுதுகிறவர்களாகவே வருகிறோம்.